சீனித் தண்ணீர் குடித்த ஈக்கள்

ஆய்வுக்கூடத்து ஜன்னலோர அலமாரியில், வரிசையாக நிற்கும் புதுக் கூண்டுகளுக்கு நடுவே ஒரு பழைய மிட்டாய் பாட்டில் இருக்கிறதே, அதை ஏன் இன்னும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறார்கள் என்று போன மாதம் உங்களில் ஒருவர் கேட்டீர்கள். அன்றைக்கு ஓய்வூதியக் காகிதம் ஒன்றில் கையெழுத்து வாங்க வந்த நான், புதுக்கோட்டை பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் இருந்தேன். "அது என்னோடதுதான், இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். அவசரத்தில் பதில் சொல்லிவிட்டால் எனக்குச் சில நாள் உறுத்திக்கொண்டே இருக்கும். அந்த உறுத்தலைக் கற்றுக்கொடுத்ததே அந்த பாட்டில்தான். அதனால் இப்போது உட்கார்ந்து முழுசாகவே எழுதுகிறேன்.

நான் கந்தர்வக்கோட்டைப் பக்கத்து முந்திரிக் காட்டுக்காரி. வாழ்நாள் முழுக்கப் பூச்சியைப் பார்த்துப் பெயர் சொல்லிச் சம்பளம் வாங்கினேன். அதிலும் பழ ஈ என்றால் என் மேசைக்குத்தான் வரும். "அக்கா மைக்ராஸ்கோப்ப எடுக்கறதுக்கு முன்னாடியே பேரைச் சொல்லிடுவாங்க" என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். அது பாராட்டு இல்லை, கேலி என்பது எனக்கு வெகுகாலம் புரியவில்லை.

நான் சொல்லப்போகும் தப்பை வேலைக்குச் சேர்ந்த புதிதில் செய்தேன் என்று சொன்னால் உங்களுக்கும் ஆறுதலாக இருக்கும், எனக்கும் மானம் மிஞ்சும். அப்படி இல்லை. ஓய்வு பெற ஐந்து வருஷம் இருக்கும்போது, எல்லாம் தெரிந்தவள் என்று பெயர் எடுத்த பிறகு செய்தேன்.

ஆலங்குடிக்கு அங்கிட்டு ஓர் ஊர். அங்கே கருப்பையா என்பவருக்கு ஒன்றரை ஏக்கரில் கொய்யாத் தோப்பு. தோப்பை ஒட்டி அவருடைய துண்டு நிலம் ஒன்றை வள்ளிக்கண்ணு என்ற பெண் குத்தகைக்குப் பிடித்துப் பாகற்காய்ப் பந்தல் போட்டிருந்தார். எழுத்து எதுவும் கிடையாது, வாய்ப்பேச்சுதான். கல்லுக்கால் நட்டு, கம்பி இழுத்து அந்தப் பந்தலைக் கட்டியது அவரும் அவர் வீட்டுக்காரரும். கட்டின மறு வருஷம் வீட்டுக்காரர் தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். அதன் பிறகு உட்கார்ந்து செய்கிற வேலைதான் அவரால் முடிந்தது. அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது பந்தலை நம்பித்தான்.

அந்த வருஷம் கருப்பையாவின் தோப்பில் பழத்துக்குப் பழம் புழு. வியாபாரி வந்து நாலு பழத்தைப் பிட்டுப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். கருப்பையா கூப்பிட்டு நான் போனேன். அவர் மனம் நொந்துபோய் மோட்டார் ரூம் திண்டில் உட்கார்ந்திருந்தார். தோப்பில் பழம் பறிக்கவும் வருகிற வள்ளிக்கண்ணுதான் என்னோடு மரம் மரமாக வந்து, புழு விழுந்த பழங்களைப் பொறுக்கிக் கொடுத்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். நான் செய்கிற ஒவ்வொன்றுக்கும் "எதுக்குங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கு அது பிடித்திருந்தது.

புழுவை வைத்து இது இன்ன ஈயின் புழு என்று சொல்வது லேசில்லை. பழத்தை ஒரு டப்பாவில் மணல் மேல் வைத்து, டப்பா வாயைத் துணியால் கட்டிவிட வேண்டும். புழு மணலில் இறங்கிக் கூடாகி, பத்துப் பன்னிரண்டு நாளில் ஈயாக வெளியே வரும். வெளியே வந்த ஈயை உடனே கொல்லக் கூடாது. சீனித் தண்ணீர் கொடுத்து நாலைந்து நாள் உயிரோடு வைத்திருக்க வேண்டும். அப்போதுதான் அதற்கு நிறம் ஏறும், கோடுகள் தெளியும். பிறந்த அன்றைக்கு எல்லாப் பழ ஈயும் ஒரே வெளிறின செம்மஞ்சள்தான். இதை நான் எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருக்கிறேன்.

பழம் என் டப்பாவில் கொள்ளவில்லை. மிச்சத்தைக் கொட்டப்போனேன். வள்ளிக்கண்ணு தடுத்தார்.

"இத நான் வீட்டுல வச்சுப் பாக்கவாங்க? நீங்க சொன்ன மாதிரியே மணல் போட்டு?"

"பாரேன். ஈ வந்தா பறக்க விட்றாத, அவ்வளவுதான்" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். ஒரே தோப்பு, ஒரே நாள், ஒரே கூடையிலிருந்து எடுத்த பழம். பாதி என்னிடம், பாதி அவரிடம்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு சனிக்கிழமை காலையில் ஈக்கள் வெளியே வந்தன. அன்று மத்தியானம் நான் திருச்சிக்குப் பஸ் ஏற வேண்டும். மகளுக்கு வளைகாப்பு. செவ்வாய் வரைக்கும் லீவு போட்டிருந்தேன். நான் இல்லாத நாளில் ஈக்குத் தண்ணீர் வைக்க யாரிடமாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கருப்பையாதான்.

"மேடம், என்ன ஈன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. கண்ணு முன்னாடி தோப்பு அழியுது. எதுக்கு என்ன செய்யறதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

அந்தக் குரலில் இருந்த பதற்றம் எனக்கும் தொற்றிக்கொண்டது. ஈக்களைக் கொல்ல ஃபிரீசரில் வைத்தேன். சற்று நேரத்தில் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன்.

பாகற்காயில் முட்டை வைக்கிற ஈ செம்பழுப்பாக இருக்கும். முதுகில் மூன்று மஞ்சள் கோடு, பக்கத்துக்கு ஒன்று, நடுவில் ஒன்று. இறக்கையில் புகை படிந்த மாதிரி குறுக்கே ஒரு பட்டை. மாம்பழத்திலும் கொய்யாவிலும் வழக்கமாக வருகிற ஈக்கு முதுகு கருப்பு. பக்கத்துக்கு ஒரு கோடு உண்டு, நடுவில் கிடையாது. வித்தியாசம் இவ்வளவுதான். வயது வந்த ஈ என்றால் உங்களில் நேற்று சேர்ந்தவர்கூடச் சொல்லிவிடுவார்.

நான் பார்த்த ஈ செம்மஞ்சளாக இருந்தது. முதுகின் நடுவில் கோடு மாதிரி ஒரு வெளுப்பு தெரிந்தது. இறக்கை இன்னும் சரியாக விரியாமல் நுனியில் சுருங்கியிருந்தது. இறக்கையைப் பார்க்க முடியாவிட்டால் என்ன, முதுகு தெரிகிறதே என்று எனக்கு நானே சலுகை கொடுத்துக்கொண்டேன். கொய்யாவில் பாகற்காய் ஈ வருவது அபூர்வம். அந்த அபூர்வம் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். ஆசையைக் கிளப்பியது. இந்த மாவட்டத்தில் கொய்யாவில் இதைப் பார்த்தவள் என்று என் பெயரில் ஒரு சின்னக் குறிப்பு அச்சாகி வருவதுவரை மனசு ஓடிவிட்டது. இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. தப்பு கண்ணில் தொடங்கவில்லை, அந்த ஆசையில்தான் தொடங்கியது.

பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு கருப்பையாவுக்கு ஒரு வாய்ஸ் அனுப்பினேன். "அண்ணே, பாத்துட்டேன். இது பாகக்காயில வர்ற ஈ. பக்கத்துல இருக்கற பந்தல்ல ஈ நெறைய இருக்கா?" அவ்வளவுதான் பேசினேன். கேள்வியாகத்தான் கேட்டேன். ஊர் விவசாயிகள் குரூப்பில் அதை அவர் போட, அங்கே அது தீர்ப்பாகப் போய்ச் சேர்ந்தது.

நான் திருச்சியில் மகள் கையில் வளையல் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை காலை லட்டு டப்பாவோடு ஆய்வுக்கூடத்துக்கு வந்தால், வாசல் வேப்பமரத்தடியில் வள்ளிக்கண்ணு நிற்கிறார். இடுப்பில் ஒரு மிட்டாய் பாட்டில், அதன் வாயில் பழைய சேலைத் துணி. கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டாராம்.

"வாம்மா வள்ளிக்கண்ணு, லட்டு எடுத்துக்க" என்றேன்.

அவர் எடுத்துக்கொள்ளவில்லை. "மேடம், அந்த வாய்ஸ்ல பேசுனது நீங்கதானே?"

"ஆமா."

"ரெண்டு வரிசை அறுத்துட்டேங்க."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம்தான் விவரமாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கருப்பையா வந்து, ஒரு வாரத்தில் பந்தலைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லையாம். "படிச்சவங்க பாத்துச் சொல்லிட்டாங்க, நான் என்ன தாயி செய்ய?" என்றாராம். டீக்கடையில் இவர் வீட்டுக்காரரிடம், உன் பந்தலால்தான் தோப்பு போச்சு என்று நேருக்கு நேராகவே பேசியிருக்கிறார்கள். திங்கட்கிழமை இவர் அரிவாளை எடுத்துக்கொண்டு போய், பூவும் பிஞ்சுமாக இருந்த கொடிகளில் இரண்டு வரிசையை அடியோடு அறுத்துப் போட்டிருக்கிறார்.

"அன்னைக்கு வெயிலுக்கு வீட்டுக்கு வந்தப்பதாங்க இந்த பாட்டில உத்துப் பாத்தேன். பந்தல்ல நான் தெனமும் பாக்கற ஈ செவப்பா இருக்கும். இது கருப்பா இருக்கு."

இங்கேதான் நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. பாட்டிலைக் கையில் வாங்கவே இல்லை. "நல்லாப் பாத்துட்டுத்தாம்மா சொல்லியிருக்கேன். வெறும் கண்ணுக்கு எல்லாம் ஒண்ணு மாதிரிதான் தெரியும்" என்றேன். லட்டு டப்பாவைப் பிரித்துக்கொண்டே சொன்னேன்.

வள்ளிக்கண்ணு நகரவில்லை. குரலும் ஏறவில்லை. "நீங்க பாத்தது செவப்புங்கிறீங்க. எங்கிட்ட இருக்கறது கருப்பு. ஒரே கூடைப் பழந்தானேங்க? ஒங்க ஈ எப்ப பொறந்துச்சு?"

"சனிக்கெழம."

"இதுவும் சனிக்கெழமதான். எப்பப் பாத்தீங்க?"

"சனிக்கெழமதான்" என்று சொல்லிவிட்டு லட்டு டப்பாவை மூடினேன்.

"பொறந்த பிள்ள கருப்பா செவப்பான்னு அன்னைக்கே சொல்ல முடியுமாங்க?" என்று கேட்டார். குத்திக் காட்டக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

பாட்டிலை வாங்கி உள்ளே கொண்டுபோய், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கருகருவென்று முதுகு, இருபக்கமும் பளிச்சென்று மஞ்சள் கோடு, இறக்கை ஓரத்தில் மயிரிழை போல ஒரு கோடு. மைக்ராஸ்கோப்பே தேவையில்லை. உள்ளே ஒரு மூடியில் ஈரப் பஞ்சு இருந்தது. அதன் மேல் ஈக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன.

"இது என்ன பஞ்சு?"

"சீனித்தண்ணிங்க."

"நான் சொல்லலையே. சீனித் தண்ணி வைக்கணும்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நாமதான் அடைச்சு வச்சிருக்கோம். அதுக்கு ஒரு வாய் கொடுக்காம எப்புடிங்க?"

அந்த ஈக்களால் தனக்கு என்ன ஆகப்போகிறது என்று தெரிந்த பிறகும், டீக்கு வைத்திருந்த சீனியில் கொஞ்சம் எடுத்துக் கரைத்து வைத்திருக்கிறார். அரசாங்கச் சீனி என் அலமாரியில் டப்பா நிறைய இருந்தது. நான் வைக்கவில்லை. ஃபிரீசரில் வைத்தேன். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, அழுதேன். வள்ளிக்கண்ணு தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். அவரிடம் போய் முழுசாகச் சொன்னேன். அவர் என்னை உட்கார வைத்து, நான் ஃபிரீசரில் கொன்ற ஈக்களையும் வள்ளிக்கண்ணுவின் ஈக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிதானமாகப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அக்கா, எழுதிக் கொடுத்திருந்தீங்கன்னா நானே திருத்திக் கையெழுத்துப் போட்டுடுவேன். நீங்க வாயால சொல்லியிருக்கீங்க. சொன்னவங்கதான் போய் மாத்திச் சொல்லணும். எங்க சொன்னீங்களோ அங்கயே."

"எப்ப சார்?"

"இப்பதான். அந்தம்மா இன்னொரு வரிசையை அறுக்கறதுக்குள்ள. நானும் வாரேன்."

மைக்ராஸ்கோப்பை அவரே தூக்கிக்கொண்டு வந்து ஜீப்பில் வைத்தார். எதற்கு சார் என்றேன். "உங்க பேச்ச நம்பி ஒரு தடவ ஏமாந்துட்டாங்க. இந்தத் தடவ அவங்களே பாக்கட்டும்" என்றார். சுருக்கென்று இருந்தது. ஆனால் உண்மை. அந்த மனிதருக்கு நான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்பதை அவர் இங்கே இருக்கிற வரைக்கும் சொல்லவே இல்லை. மாற்றலாகிப் போன பிறகு சொல்லி என்ன பயன்? நீங்கள் யாருக்காவது நன்றி சொல்ல வேண்டியிருந்தால் அவர் பக்கத்து மேசையில் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

தோப்புக்குப் போனபோது மத்தியானம் ஆகிவிட்டது. மோட்டார் ரூம் திண்டில் மைக்ராஸ்கோப்பை வைத்தோம். கருப்பையா வந்தார். விஷயம் கேள்விப்பட்டுப் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். பந்தலில் பிடித்த ஈக்களும் வள்ளிக்கண்ணு கொண்டுவந்த சின்ன டப்பாவில் இருந்தன. அதில் ஒன்றையும் பாட்டிலில் இருந்த ஈயில் ஒன்றையும் அடுத்தடுத்து வைத்தேன். வைக்கும்போது ஈயின் கால் ஒன்று ஒடிந்தே போனது.

கருப்பையா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இதுல மூணு கோடு இருக்கு."

"அது பந்தல் ஈண்ணே."

"இதுல நடுக்கோட்டைக் காணோமே? ரெண்டுதான இருக்கு? ஒடம்பும் கருப்பா இருக்கு."

"அதுதான் ஒங்க கொய்யாவுல வந்தது. ரெண்டும் வேற வேற ஈ. பந்தலுக்கும் தோப்புக்கும் சம்பந்தமில்ல. நான் அவசரத்துல தப்பாச் சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டேன். சத்தமாகவே சொன்னேன். பத்துப் பேரும் கேட்டார்கள். கருப்பையா நிமிரவில்லை. மறுபடி ஒரு முறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"அப்ப இந்த ஈ எங்கருந்துதான் வந்துச்சு?"

இதற்குப் பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஒரே நாளில் எத்தனை பேர் மனசைப் புண்படுத்துவது? ஆனால் பாதி உண்மையைச் சொல்லிவிட்டு வந்தால் பழி அடுத்த பந்தலைத் தேடிப் போகும். மரத்தடியைக் காட்டினேன். விழுந்த பழங்கள் பெருக்கப்படாமல், பொத்தல் பொத்தலாக அழுகிக் கிடந்தன. அத்தனையிலும் புழு.

"இங்கருந்துதாண்ணே."

கருப்பையா மெதுவாக நடந்துபோய், குனிந்து ஒரு பழத்தை எடுத்துப் பிட்டுப் பார்த்தார். அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பழங்களைப் பொறுக்க ஆரம்பித்தார். பொறுக்கிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், "பந்தல் பாட்டுக்கு இருக்கட்டும் தாயி. நாந்தான் யோசிக்காமப் பேசிட்டேன்" என்றார்.

"அறுத்த கொடிய ஒட்டவைக்க முடியாதுண்ணே" என்றார் வள்ளிக்கண்ணு. அவருக்கும் கோபம் உண்டு என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. அவர் அதைக் கருப்பையாவைப் பார்த்துச் சொன்னாலும் அது வந்து சேர வேண்டிய இடம் நான்தான். எனக்கு அது தெரியும், அவருக்கும் தெரியும்.

கூட்டம் கலைகிற நேரத்தில் தலைவர் என் காதருகில், "போன்ல சொன்னது போன்லயும் போகணும்க்கா" என்றார். கருப்பையாவின் போனையே வாங்கி, அந்தக் கொய்யா மரத்தடியில் நின்றுகொண்டு அதே குரூப்புக்குப் பேசினேன். என் பெயரைச் சொன்னேன். சனிக்கிழமை நான் சொன்னது தப்பு என்றேன். ஈ பிறந்த அன்றைக்கே பார்த்ததுதான் காரணம், வள்ளிக்கண்ணு பந்தல் மேல் ஒரு குற்றமும் இல்லை, கண்டுபிடித்துச் சொன்னதே அவர்தான் என்றேன். முப்பத்தெட்டு விநாடி. அவ்வளவு நீளமான முப்பத்தெட்டு விநாடி என் வாழ்க்கையில் வேறு இல்லை.

வெட்டின இரண்டு வரிசைக்கு அந்தப் போகத்தில் காய் இல்லை. நான் எதைச் செய்தும் அதைச் சரிக்கட்ட முடியவில்லை. அதை இந்தக் கதையில் மூடி மறைத்துவிட்டு, எல்லாம் நல்லபடி முடிந்தது என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். அடுத்த போகத்தில் கருப்பையாவே முன்னின்று அந்த வரிசைகளுக்கு விதை ஊன்ற வைத்தார். பந்தல் இன்றைக்கும் இருக்கிறது. பாட்டிலை வள்ளிக்கண்ணுவிடம் கேட்டு வாங்கிவந்து நான்தான் அலமாரியில் வைத்தேன். அதன் பிறகு என் கைக்கு வந்த எந்த ஈயும் ஐந்து நாள் சீனித் தண்ணீர் குடிக்காமல் சாகவில்லை.

உங்களிடம் இப்போது போனிலேயே ஒரு வசதி இருக்கிறது. படத்தைக் காட்டினால் பெயரைச் சொல்லிவிடுகிறது. நல்லதுதான், பயன்படுத்துங்கள். ஆனால் ஈக்கு என்ன வயது என்று அது உங்களைக் கேட்காது, நீங்கள்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். யாராவது போனில் அழுதுகொண்டே ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றால், "இன்னும் அஞ்சு நாள் ஆகும்ண்ணே" என்பதும் ஒரு வார்த்தைதான். அதை அன்றைக்குச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் ஓய்வு பெற்ற அன்றைக்கு வள்ளிக்கண்ணு ஒரு கூடை பாகற்காயோடு வந்திருந்தார். மாலை மரியாதை எல்லாம் முடிந்து எல்லோரும் போன பிறகு, என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தன் போனை எடுத்துக் காட்டினார்.

"மேடம், ஒங்க மொத வாய்ஸ அன்னைக்கே அழிச்சுட்டேங்க. ரெண்டாவது இன்னும் இருக்கு. போன் மாத்துனப்பகூட கடைக்காரர்ட்ட சொல்லி ஏத்தி வாங்கிட்டேன்."

முப்பத்தெட்டு விநாடி என்று திரையில் இருந்தது. எத்தனையோ கூட்டங்களில், எத்தனையோ வகுப்புகளில் பேசியிருக்கிறேன். நான் பேசியதில் ஒருவர் பத்திரமாக எடுத்து வைத்திருப்பது அது ஒன்றைத்தான்.